இரண்டாவது குழாய் ரத்தம்

இன்னும் ஒரு குழாய் ரத்தம் எடுக்க வேண்டுமாம். சாயங்காலம் எடுப்பார்களாம், எடுத்ததும் வீட்டுக்குப் போகலாமாம், அதுவரை பேசாமல் படுத்திருக்க வேண்டுமாம். படுத்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாக எல்லோரும் என்னைப் படுக்கத்தானே சொல்கிறார்கள். மேகலா படு, மேகலா ரெஸ்ட் எடு, மேகலா அடுப்புப் பக்கம் தனியாப் போகாதே, மேகலா குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாதே. முப்பது வயது தாண்டியவள் கதவைச் சும்மா சாத்திவிட்டுக் குளிக்கிறேன். வெளியே நாற்காலி போட்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்காவிட்டால் "மேகலா?" என்பார், நான் "ம்" என்று சொல்ல வேண்டும். தலை நிறையச் சோப்பு நுரையோடு "ம்". வாய் நிறையக் கொப்பளிக்கிற தண்ணீரோடு "ம்". இப்போதும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், கட்டிலுக்குப் பக்கத்தில், மடியில் என் பழைய வைத்திய ஃபைலை வைத்துக்கொண்டு. பெயர் ஞானவேல். கூட்டுறவு வங்கியில் கிளார்க். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும், அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டுகிற புருஷன் என்றால் திருப்பித் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இவர் தலையைத் தடவி "நிதானமா இரு மேகலா" என்கிறார். தலையைத் தடவுகிறவரை என்ன செய்வது? மின்விசிறி சுற்றுகிறது. சுற்றும்போது டக் டக் என்கிறது. நிதானமா இரு, டக். நிதானமா இரு, டக்.

இடது கையில் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. முதல் குழாய் அங்கேதான் எடுத்தார்கள், நேற்றுப் பொழுது சாய்ந்தபின். எடுத்தது எனக்குத் தெரியும். விழுந்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு நிறையத் தெரியும். ஆட்டோவில் என் தலை யாரோ ஒரு அம்மாள் மடியில் கிடந்தது தெரியும், அவள் புடவையில் கற்பூர வாசனை அடித்தது தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது தெரியும். உதடு பெரிதாகிப் பெரிதாகி என் முகத்தில் வேறு யாருடைய உதடோ ஒட்டியிருப்பது போல ஆனது தெரியும். தலைமாட்டில் நின்றுகொண்டு இவர் சொன்னது நன்றாகவே கேட்டது. "டாக்டர், இவளுக்கு ஏற்கெனவே ஃபிட்ஸ் இருக்கு. மாத்திரை சாப்பிடறா. ஃபைல் வீட்டுல இருக்கு, ஓடிப் போய் எடுத்துட்டு வரட்டுமா?" அந்த டாக்டரம்மா குட்டையாக, கண்ணாடி போட்டு, ஷாஹினா என்று சட்டையில் பெயர் குத்தி, இவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஃபைல் அப்புறம் பாக்கலாம் சார். இப்ப தள்ளி நில்லுங்க." கல்யாணமான நாளிலிருந்து என் காதில் விழுந்த வார்த்தைகளிலேயே இனிப்பான வார்த்தை அதுதான். சுடிதாரைக் கத்தரியால் வெட்டினார்கள், தொடையில் ஊசி இறங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, பயந்துபோனேன், அப்புறம் அடைத்துக்கிடந்த தொண்டை வழியாக நூல் மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. அதற்கப்புறம் இன்னொன்று. டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தடிப்பெல்லாம் எப்பம்மா வந்தது? விழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்னைக் கேட்டார். என்னை! நாக்கு தடித்துப்போயிருந்தது, முன்னாடி என்று சொல்ல வரவில்லை, மூன்று முறை முயற்சி செய்து சொன்னேன். முன்னாடி. எப்போதும் முன்னாடி.

எப்போதும் முன்னாடிதான் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். முதல் தடவை போன சித்திரையில். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்தாள், என் மகள் இனியா, அப்போது நாலு வயது. தேறினால் பௌர்ணமிக்கு விரதமிருந்து மலையைச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். திருவண்ணாமலையிலேயே குடியிருந்துகொண்டு மலையைச் சுற்றாதவர் யார் இருக்கிறார்கள்? விரதம் என்றால் எங்கள் வீட்டில் அரிசி தொடக் கூடாது. காலையிலிருந்து தண்ணீர், மதியத்துக்கு மேல் கோதுமை ரவை உப்புமா, சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பில்லாமல் கிளம்பிவிட வேண்டும். கிளம்பினேன். நிருதி லிங்கம் வரை ஒன்றுமில்லை, நன்றாகத்தான் நடந்தேன், வேகமாகவே நடந்தேன். அப்புறம் உள்ளங்கை அரித்தது. தேய்த்துக்கொண்டே நடந்தேன். காது மடல் அரித்தது, உச்சந்தலை அரித்தது, வயிற்றைப் பிடித்து யாரோ முறுக்கியது போல் வலித்தது. இவரிடம் "என்னமோ பண்ணுதுங்க, அரிக்குது" என்றேன். "வியர்வையா இருக்கும்" என்றார். அடி அண்ணாமலை வந்தபோது தெரு விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வெளிச்சமாகி அணைந்துபோயின. விழித்தால் தலை நனைந்திருக்கிறது, நெற்றி கொள்ளாமல் திருநீறு, சுற்றிலும் கால்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டி நகர வேண்டாமா, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது தடிப்பெல்லாம் அமுங்கிவிட்டது. அரிப்பு வந்தது என்றேன். தொண்டை அடைத்தது என்றேன். அங்கிருந்த டாக்டர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். கை காலை உதறினாளா என்று இவரைக் கேட்டார். உதறினாள் என்றார் இவர். மூச்சுக்குத் தவிக்கிறவள் கை காலை உதறாமல் கையைக் கட்டிக்கொண்டா கிடப்பாள்? சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தார்கள், சோகைக்கு எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது, வெறும் வயிற்றில் நடந்தால் இப்படித்தான், அடுத்த தடவை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நடக்கச் சொல்லுங்கள் என்றார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு. அதை நினைத்தால் எழுந்துபோய் அந்த மேஜையை உதைக்கலாம் போல இருக்கிறது.

"கொஞ்சம் இட்லி சாப்பிடறியா?" என்கிறார் இவர். வேண்டாம். "கோதுமை எதுவும் வாங்கலம்மா. இட்லிதான்." வேண்டாம் என்றால் வேண்டாம். பொட்டலத்தை மூடிவைக்கிறார். நூல் சுற்றுகிறார். பிரித்த பொட்டலத்துக்கு இவ்வளவு அழகாக நூல் சுற்றுகிற ஆள் என்று நான் இவரைத்தான் பார்த்திருக்கிறேன். நேற்று டிபன் பாக்ஸை மூடியதும் அப்படித்தான். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். அண்ணி. அண்ணியை நினைக்கலாம், அண்ணியை நினைத்தால் கோபம் நேராக வரும், சுற்றி வளைக்காது. இவருடைய அக்கா பரமேஸ்வரி, போளூரில் இருக்கிறார், பிள்ளைகள் பெரிதாகி வெளியூர் போய்விட்டார்கள். வேண்டுதலைப் பாதியில் விட்டது தப்பு என்றார். அடுத்த பௌர்ணமியில் முடித்துவிடு என்றார். அவரே வந்து உப்புமா கிளறினார், நெய் விட்டு, முந்திரி போட்டு. டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொன்னார் இல்லையா, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி. அந்தத் தடவை நிருதிக்கு முன்னால் வருகிற எமலிங்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

அதற்கப்புறம்தான் வலிப்பு என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்தது. யார் முதலில் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு நாள் இல்லை, மறுநாள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலை முழுவதும் பசை தடவி ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். எனக்கு வலிப்பு இல்லை, அரிப்பு வந்துதான் விழுகிறேன் என்றேன். அந்த மூளை டாக்டர் சிரித்தார், கெட்டவர் இல்லை, சிரித்துவிட்டு இவரிடம் சொன்னார், "டெஸ்ட் நார்மல்னாலே வலிப்பு இல்லைன்னு சொல்லிட முடியாது சார். சில பேருக்குத் தெரியாது. எதுக்கும் மாத்திரை ஆரம்பிச்சுடலாம்." எதுக்கும். அந்த "எதுக்கும்" இருக்கிறதே, அதைச் சாப்பிட்டுத்தான் இத்தனை மாதமாக மத்தியானம் ஆனால் தூங்கி வழிகிறேன், பேசும்போது வார்த்தை கைக்கு வராமல் வழுக்குகிறது, ஸ்கூட்டியை இவர் தம்பிக்கு ஓட்டக் கொடுத்தாகிவிட்டது. அண்ணி வந்து கூடத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார். நான் சமையலறையில் நிற்கிறேன், எனக்குக் கேட்கக் கூடாதாம், அதனால் தாழ்ந்த குரலாம். "வலிப்பு வர்ற பொம்பளைகிட்ட பச்சக் கொழந்தைய எப்படிடா தம்பி வுடறது? ரோட்டுல கையப் புடிச்சிக்கினு போறப்ப வந்தா? அடுப்பு பக்கத்துல வந்தா? நான் வச்சிக்கிறேன். சரியாவட்டும், கூட்டிக்கினு வந்துடலாம்." இவர் அழுதார். அழுதுவிட்டுப் பாப்பாவின் துணிகளை மடித்தார். ஒவ்வொரு கவுனையும் கையால் நீவி நீவி மடித்தார். பள்ளிக்கூடம் போளூரிலேயே சேர்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், இவர் கூடவே வருகிறார், நான் பாப்பாவைத் தூக்கினால் இவர் கை தானாகக் கீழே வந்து நிற்கிறது, விழுந்தால் பிடிக்க. என் பிள்ளையை நான் தூக்கும்போது.

நேற்று நான் நடந்தது எனக்காக இல்லை, சாமிக்காகவும் இல்லை. அண்ணி சொன்னார், "ஒரே ஒரு தபா வுழாம சுத்தி முடிச்சிட்டு வா மேகலா. நானே கொழந்தையக் கொண்டாந்து உன் மடியில உட்கார வைக்கறேன்." அதற்காக நடந்தேன். பாப்பாவுக்காக. இவர் என் கூடவே வந்தார். பாதியில் பசித்து மயக்கம் வந்துவிடக் கூடாது என்று டிபன் பாக்ஸில் சப்பாத்தி கட்டிக்கொண்டு வந்தார். அவரே தேய்த்த சப்பாத்தி. வீட்டில் உப்புமா போதாதென்று அக்னி லிங்கம் தாண்டி ஒரு மர நிழலில் உட்கார வைத்து, பிட்டுப் பிட்டு, சர்க்கரை தொட்டு ஊட்டினார். "இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. பாப்பாவை நினைச்சுக்கிட்டுச் சாப்பிடு." பாப்பாவை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். வழியில் போன கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கும்கூட ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது, அதுதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் உள்ளங்கை ஆரம்பித்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார், உட்கார்ந்தால் சுற்றி முடிக்க முடியாது, முடிக்காவிட்டால் பாப்பா இல்லை. கையைத் துப்பட்டாவில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஓடினால் முந்திவிடலாம் என்று நினைத்தேன்.

ராத்திரி கொஞ்சம் தெளிந்தபின் டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விழுவதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், சாப்பிட்டுவிட்டு என்ன செய்தீர்கள். முதல் தடவை? இரண்டாவது தடவை? நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை நிறுத்திவிட்டார். "மூணு தடவையும் கோதுமை சாப்பிட்டுட்டு உடனே நடந்திருக்கீங்க." இவர் குறுக்கிட்டார், "டாக்டர், வீட்டுல தினமும் ராத்திரி சப்பாத்திதான் சாப்பிடறா. ஒண்ணும் ஆகாது." "சாப்பிட்டு என்ன பண்ணுவாங்க?" "படுத்துடுவா. மாத்திரை போடறதால தூக்கம் வந்துடும்." "அப்ப நடக்கறதில்ல. சில பேருக்குக் கோதுமை மட்டும் ஒண்ணும் செய்யாது, நடை மட்டும் ஒண்ணும் செய்யாது. ரெண்டும் சேர்ந்தா உடம்பு இப்படிப் பொங்கும். எனக்கு அந்தச் சந்தேகம் பலமா இருக்கு. இன்னும் சில டெஸ்ட் பாக்கணும்." பைத்தியம் பிடித்த மாதிரி சிரிப்பு வந்தது எனக்கு. விழுந்தது சரியாக வேண்டும் என்று விரதம், விரதத்துக்குக் கோதுமை, கோதுமை தின்றுவிட்டு நடை, நடந்தால் விழுவது, விழுந்தது சரியாக வேண்டும் என்று மறுபடி விரதம். அரிசிச் சோறு தின்றுவிட்டு மலையைச் சுற்றியிருந்தால் என் பிள்ளை என்னிடம் இருந்திருப்பாள். ஒரு தட்டுச் சோறு. சாமி கேட்டதா அரிசி தொடாதே என்று? யார் கேட்டது? உப்புமா கிளறிய கரண்டிச் சத்தம் இப்போது காதில் கேட்கிறது, இரும்புச் சட்டியை அது சுரண்டுகிற சத்தம்.

ரத்தத்தைப் பற்றிச் சொன்னதும் அப்போதுதான். "உங்களைப் பிழைக்க வச்சது ஊசிம்மா, ரத்த டெஸ்ட் இல்ல. அதோட ரிசல்ட்டுக்காக யாரும் ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது. இந்த ரத்தம், அப்புறம் வர்ற கேள்விக்கு. அது அலர்ஜியா, வலிப்பா, வெறும் மயக்கமான்னு. ஒவ்வாமை உடம்பு பூராப் பொங்கறப்ப ரத்தத்துல டிரிப்டேஸ்னு ஒரு பொருள் ஏறும். சில மணி நேரம்தான் நிக்கும், இறங்கிடும். அதான் உடனே ஒரு குழாய் எடுத்தேன். எல்லாம் அடங்கினப்புறம், ஒரு நாள் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும்." சில மணி நேரம். என் ரத்தம் இரண்டு தடவை உண்மையைச் சொல்லத் தயாராக இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லாமல் சொல்லாமலே அடங்கிப் போயிருக்கிறது. சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேட்டார்கள், அதற்குப் பதில் சொன்னது. அவ்வளவுதான். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்போது அந்த டாக்டரம்மா, நேர்மையான மனுஷி, நன்றாக இருக்கட்டும், இன்னொன்றும் சொன்னார். "ஆனா ஒண்ணு. இது ஏறலைன்னா அலர்ஜி இல்லைன்னு அர்த்தமில்ல. சில பேருக்கு, சாப்பாட்டுல வர்றதுல முக்கியமா, ஏறாமலே இருக்கும்." இவர் தலையை ஆட்டினார். நிதானமாக ஆட்டினார். அந்த ஆட்டலை நான் பார்த்தேன். அதிலிருந்து நான் தூங்கவில்லை.

வேலூரில் மூளைப் படம் நார்மல், ஆனாலும் வலிப்பு இருக்கலாம். நம்பினார்கள். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நம்பினார்கள், மாத்திரை வாங்கினார்கள், பிள்ளையைப் பிடுங்கினார்கள். நாளைக்கு என் ரத்தமும் நார்மல் என்று வந்தால், ஆனாலும் அலர்ஜி இருக்கலாம் என்று நம்புவார்களா? மாட்டார்கள். அது எப்படி? இரண்டும் ஒரே பேச்சுத்தானே, இரண்டும் டாக்டர் சொன்னதுதானே. என் மேல் பழி வருகிற பக்கம் என்றால் சாட்சி வேண்டாம், நான் சொல்கிற பக்கம் என்றால் மட்டும் சாட்சி வேண்டும். நான் சொன்னதே போதாதா? உள்ளங்கை என்னுடையது. அரித்தது எனக்கு. இப்போதும் அரிக்கிறதோ? இல்லை. பார்க்கிறேன், சிவப்பாக இல்லை. அரிக்கிறது போல் இருக்கிறது. அதை நினைத்தால் அரிக்கிறது, நினைக்காவிட்டால் இல்லை, அப்படியென்றால் இவர்கள் சொன்ன மாதிரி எல்லாம் மனசுதானோ? இல்லை. இதோ, இதைத்தான் செய்துவிட்டார்கள் என்னை. என் கையையே எனக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எச்சிலை விழுங்கிப் பார்க்கிறேன், இறங்குகிறது. இன்னொரு முறை. இறங்குகிறது. இவர் எழுந்து நிற்கிறார். "என்னம்மா, என்ன பண்ணுது? டென்ஷனா இருக்கா?" டென்ஷன் இல்லை. கோபம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளோடு ஏழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். "ஒண்ணுமில்ல. உட்காருங்க" என்கிறேன். உட்கார்கிறார். ஃபைலைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்.

அப்படி ஏறாமல் போய்விட்டால். ஏறியிருக்க வேண்டும். நான் என் ரத்தத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறேன், ஏறியிரு, தயவுசெய்து ஏறியிரு, என்னை விட்டுக் கொடுத்துவிடாதே. எந்தப் பொம்பளையாவது தனக்கு வியாதி இருக்க வேண்டும் என்று இப்படி வேண்டியிருப்பாளா? செத்துப் போகக்கூடிய வியாதி. அது இருக்கட்டும், நான் கோதுமையை விட்டுவிடுகிறேன், பரோட்டா, பிஸ்கட், ரொட்டி, சேமியா எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். வீட்டில் வைத்துக்கொள்ள ஊசி எழுதித் தருகிறேன், எப்படிப் போட்டுக்கொள்வது என்று கிளம்பும்போது சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார் டாக்டரம்மா. போட்டுக்கொள்கிறேன். தொடையில் நானே குத்திக்கொள்கிறேன். அது என் கையில் இருக்கிற விஷயம். வலிப்பு என்றால் எதுவும் என் கையில் இல்லை, குளியலறைக் கதவுகூட.

சிஸ்டர் தட்டோடு வருகிறார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. வலது கையைக் கொடுக்கிறேன். ரப்பர் பட்டையைக் கட்டுகிறார், நரம்பைத் தட்டுகிறார், சுருக்கென்கிறது. குழாயில் ஏறுகிறது, கருஞ்சிவப்பாக, அவசரமில்லாமல். நேற்று எடுத்ததும் இதே நிறமாகத்தான் இருந்திருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. "ரிசல்ட் எப்ப சிஸ்டர் வரும்?" என்கிறார் இவர். "ரெண்டும் சென்னைக்குப் போவணும் சார். மூணு நாலு நாள் ஆவும்." "சரிங்க." சரிங்க என்கிறார். போனை எடுத்துக்கொண்டு வராண்டாப் பக்கம் போகப் பார்க்கிறார். எனக்குத் தெரியும் யாருக்கு என்று, என்ன சொல்லப் போகிறார் என்றும் தெரியும். ரிசல்ட் வரட்டும் அக்கா, அதுவரைக்கும் பாப்பா அங்கேயே இருக்கட்டும். "இங்கேயே பேசுங்க" என்றேன். "இங்க ஒரே இரைச்சலா இருக்கு." "ஸ்பீக்கர்ல போட்டு இங்கேயே பேசுங்க. முதல்ல பாப்பாகிட்ட குடுக்கச் சொல்லுங்க." என் குரலைக் கேட்டுச் சிஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இவர் போட்டார். மணி அடித்தது. அண்ணி எடுத்தார், இவர் கேட்டார், கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம், அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு என் மகள்.

"அம்மா, மலையைச் சுத்தி முடிச்சிட்டியா?"

"இல்லடா கண்ணு."

"மறுபடி விழுந்துட்டியா?"

"ஆமாடா."

"பரவால்லம்மா. நீ விழுந்தா உன் கையில இரும்பு குடுக்கணுமாம், அத்தை சொல்லிக் குடுத்தாங்க. நான் ஸ்கூல் பையில ஒரு பழைய சாவி வச்சிருக்கேன். அங்க வந்தா உன் பக்கத்துலயே இருப்பேன், விளையாடப் போவ மாட்டேன். நீ விழுந்த உடனே குடுத்துடுவேன். நான் கரெக்டா குடுப்பேம்மா, வந்துடட்டுமா?"

நான் இவரைப் பார்த்தேன். ஐந்து வயதுக் குழந்தை விளையாடப் போக மாட்டாளாம். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிற வயதில் இதைக் கற்றுக்கொண்டு பையில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், நான் மூச்சுக்குத் தவிக்கும்போது என் கையில் திணிக்க ஒரு துருப்பிடித்த சாவி. அவள் குடுப்பாள், நான் செத்துக்கொண்டிருப்பேன், சரியாகக் குடுத்தோமே என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். இதைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் எல்லோரும் சேர்ந்து. இவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. கையிலிருந்த ஃபைல் நழுவித் தரையில் விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. அண்ணி போனை வாங்கிவிட்டார் போலிருக்கிறது. "கேட்டியா தம்பி, எம்மாம் வெவரம் பாரு கொழந்தைக்கு. ரத்தத்துல என்னா வந்துச்சாம்?"

"இன்னும் வரலக்கா" என்றார். "பாப்பா துணியெல்லாம் எடுத்து வையி. இப்ப டிஸ்சார்ஜ் ஆனதும் நாங்க நேரா அங்கதான் வர்றோம். கூட்டிக்கிட்டு வந்துடறோம்."

"என்னாடா பேசற? ரிசல்ட்டே வரலன்ற. வலிப்பு வர்றவகிட்ட எப்டிடா…"

"அவளுக்கு வலிப்பு இல்லக்கா."

"யாரு சொன்னது? டாக்டரா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. டாக்டர் சொன்னார் என்று சொல்வது சுலபம், அண்ணி அடங்கிவிடுவார். அப்படிச் சொல்லிவிட்டால் இந்த ஜன்மத்துக்கும் இவரோடு பேசக் கூடாது என்று நினைத்தேன்.

"இல்லக்கா" என்றார். "மேகலா சொன்னா. ஆரம்பத்துலயிருந்து அவ சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா."

போனை வைத்துவிட்டு என் கையைப் பிடிக்க வந்தார். பிடிக்க விடவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, கோபம்தான் வந்தது, இன்னும் நிறைய இருக்கிறது, போளூர் போகிற வழியெல்லாம் இருக்கும், வீட்டுக்குத் திரும்பியபின்னும் இருக்கும். "போய் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். "அந்த ஊசியை எப்படிப் போடறதுன்னு ரெண்டு பேரும் கத்துக்கிட்டுக் கிளம்பலாம்."